உதைக்கும் துப்பாக்கிக்கு ஒரு சும்மாடு

தலையில் தண்ணீர்க் குடம் சுமந்து வருபவர்கள் பழந்துணியை வளையமாகச் சுருட்டித் தலைக்கும் குடத்துக்கும் இடையில் வைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குச் சும்மாடு என்று பெயர். சும்மாடு வைத்ததனால் குடத்தின் எடை ஒரு கிராம்கூடக் குறைவதில்லை. ஆனால், அது இல்லாமல் நூறு அடி நடந்தாலே உச்சந்தலை வலிக்கிறது. அது இருந்தால் ஒரு மைல் நடக்கலாம். சுமை மாறவில்லை, சுமை உடலில் இறங்கும் விதம் மாறிவிட்டது.

இந்த எளிய உண்மை, சற்றும் எதிர்பாராத ஓர் இடத்தில், ஒரு சிறிய கைத்துப்பாக்கியின் கைப்பிடியில், எவ்வாறு வேலை செய்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

உந்தம் அழிவின்மை விதியை நடத்தும்போது பாடநூல்கள் எல்லாம் துப்பாக்கியைத்தான் உதாரணமாகக் காட்டுகின்றன. நானும் அப்படித்தான் நடத்துகிறேன். ஒரு நாள் மாணவர் ஒருவர் எழுந்து, “சார், துப்பாக்கி சின்னதாக, இலேசாக இருந்தால் சுடுவதும் எளிதாகத்தானே இருக்கும்?” என்று கேட்டார். வகுப்பில் பாதிப் பேர் ஆமாம் என்று தலையசைத்தார்கள். விடை அதற்கு நேர்மாறானது. விதியைக் கரும்பலகையில் எழுதிய பிறகும் மனம் பழைய எண்ணத்தையே பற்றிக்கொண்டிருந்தது!

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதே தவறான எண்ணத்துக்குப் பெரிய விலை கொடுக்க நேரிடுகிறது. அங்கே தற்காப்புக்காகப் பொதுமக்கள் பலர் கைத்துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். கை வலிமை குறைந்தவர்கள், “சிறியதே எனக்கு ஏற்றது” என்று கடையில் இருப்பதிலேயே இலேசான ரிவால்வரை வாங்கிவிடுவதுண்டு. முதல் முறை சுட்டதும் உள்ளங்கை எரிகிறது; நடுவிரலின் கணு கன்றிப்போகிறது. அடுத்த முறை சுடுவதற்கு முன்பே கை பதறுகிறது. பதறிய கையிலிருந்து புறப்படும் குண்டு குறியைத் தவறவிடும். குறி தவறிய குண்டு காற்றில் கரைந்துவிடுவதில்லை; சுவரைத் துளைத்து அடுத்த வீட்டுக்குள்ளும் போகலாம், வழியில் செல்பவர் மீதும் பாயலாம்.

இதற்கு அங்குள்ளவர்கள் நாடும் முதல் மருந்து, கைப்பிடியை மாற்றுவது. ஒன்றிரண்டு திருகுகளைக் கழற்றி மாட்டினால் முடிந்துவிடும் வேலை. ஆனால் எந்தக் கைப்பிடியைத் தேர்ந்தெடுப்பது? இங்கேதான் இயற்பியல் கைகொடுக்கிறது. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒருவர் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஆகவே, இதைப் படிக்கும் பெரும்பாலோர் ரிவால்வரைத் தொட்டே பார்க்கப் போவதில்லை. ஆயினும் இதில் உள்ள பாடம் மண்வெட்டி முதல் சுத்தியல் வரை எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும்.

சிறிய ரிவால்வரின் கதை

ரிவால்வர் என்றால் சுழல் துப்பாக்கி. தோட்டாக்களைத் தாங்கும் உருளை ஒன்று அதில் சுழலும். ஒவ்வொரு முறையும் ஓர் அறை குழலுக்கு நேராக வந்து நிற்கும். கோல்ட் நிறுவனம் 1927இல் 2 அங்குலக் குழலும் 6 அறைகளும் கொண்ட ‘டிடெக்டிவ் ஸ்பெஷல்’ என்ற ரிவால்வரை வெளியிட்டது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1950இல் அதைவிடச் சிறியதொரு ரிவால்வரைக் கொண்டுவந்தது. காவல்துறைத் தலைவர்களின் மாநாடு ஒன்றில் அறிமுகமானதால் அதற்குச் ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ என்று பெயர். 1957 முதல் ‘மாடல் 36’ என்று எண்ணிட்டு அழைத்தார்கள். இதன் உருளையில் 5 அறைகளே உண்டு. ஓர் அறையைக் குறைத்ததனால் உருளையின் தடிமன் குறைந்து, கோட்டுப் பையில் அடங்குவதாயிற்று.

இந்த அளவுச் சட்டகத்துக்கு ‘ஜே’ சட்டகம் என்று பெயர். இது இன்றும் பல வடிவங்களில் தயாராகி வருகிறது. அமெரிக்கர் ‘சிறு சட்டக ரிவால்வர்’ என்றால் பெரும்பாலும் இதையும் இதன் உறவினங்களையுமே குறிப்பிடுகிறார்கள். இது சுடுவது .38 ஸ்பெஷல் என்னும் தோட்டா. பெயரில் .38 என்று இருந்தாலும் குண்டின் விட்டம் .357 அங்குலமே, அதாவது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர்.

எஃகினால் ஆன மாடல் 36இன் எடை சுமார் 550 கிராம். சட்டகத்தை அலுமினியக் கலவையால் செய்தபோது எடை சுமார் 420 கிராமாகக் குறைந்தது. பின்னர் அலுமினியத்துடன் சிறிதளவு ஸ்காண்டியம் என்ற தனிமத்தைச் சேர்த்து வலுவூட்டிய கலவை வந்தது. அதனால் ஆன ‘340 பி.டி.’ என்ற ரிவால்வரின் எடை சுமார் 330 கிராம். பையில் சுமப்பவர்க்கு இது வரம். கைக்கு?

கொஞ்சம் கணக்கு

.38 ஸ்பெஷல் தோட்டாவின் வழக்கமான குண்டு ஏறத்தாழ 10 கிராம் நிறையுள்ளது. 2 அங்குலக் குழலிலிருந்து அது வினாடிக்குச் சுமார் 215 மீட்டர் வேகத்தில் வெளிப்படுகிறது என்று கொள்வோம். அதன் உந்தம் 0.010 × 215 = 2.15 கிலோகிராம் மீட்டர்/வினாடி. வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயுவும் மிக வேகமாக முன்னோக்கிப் பாய்கிறது. அதன் பங்கு சுமார் 0.35. ஆக மொத்தம் 2.5. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இதே அளவு உந்தம் எதிர்த்திசையில் துப்பாக்கிக்குக் கிடைக்கிறது. இதைத்தான் பின்னுதைப்பு என்கிறோம்.

இந்த 2.5ஐத் துப்பாக்கியின் நிறையால் வகுத்தால் அது பின்னோக்கிப் பாயும் வேகம் கிடைக்கும். (தோட்டாக்களின் நிறையை இங்கே சேர்க்கவில்லை.) 1 கிலோகிராம் எடையுள்ள பெரிய ரிவால்வரானால் வேகம் 2.5 மீட்டர்/வினாடி, அது கைக்குக் கொண்டுவரும் இயக்க ஆற்றல் சுமார் 3 ஜூல். 550 கிராம் எஃகு ரிவால்வருக்கு வேகம் 4.5, ஆற்றல் 5.7 ஜூல். 420 கிராமுக்கு வேகம் 6; ஆற்றல் 7.4 ஜூல். 330 கிராமுக்கு வேகம் 7.6; ஆற்றல் 9.5 ஜூல்.

தோட்டா ஒன்றே, உந்தம் ஒன்றே. ஆனால் இலேசான துப்பாக்கி பெரியதைப்போல் மூன்று மடங்கு ஆற்றலுடன் கையில் மோதுகிறது. 340 பி.டி. ரிவால்வரில் 1935இல் அறிமுகமான, மேலும் வலிய .357 மாக்னம் தோட்டாவையும் சுடலாம். அப்போது இந்த ஆற்றல் மீண்டும் மும்மடங்காகிவிடும். இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு விடை தெரிகிறதல்லவா? சுமப்பதற்கு எளிதானது சுடுவதற்குக் கடினம்.

கைப்பிடியால் ஆகாதது

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். எந்தக் கைப்பிடியும் அந்த 2.5 என்ற உந்தத்தைக் குறைக்க முடியாது. ‘பின்னுதைப்பைப் பாதியாக்கும்’ என்று விளம்பரம் செய்தால் அது சொல்லலங்காரம்தான். சும்மாடு குடத்தின் எடையைக் குறைக்காதது போலத்தான் இதுவும். கைப்பிடி செய்யக்கூடியவை மூன்று. அந்த உந்தம் எவ்வளவு பரப்பின் வழியாகக் கையில் இறங்குகிறது, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது, துப்பாக்கியை எவ்வளவு சுழற்றுகிறது என்பவற்றை அது மாற்றும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பரப்பும் நேரமும்

ஜே சட்டக ரிவால்வரின் பழைய கைப்பிடி இரண்டு மெல்லிய வால்நட் மரப் பலகைகளே. அவை பக்கங்களை மட்டும் மூடும். பின்புறத்தில் சட்டகத்தின் எஃகு முதுகு ஒரு குறுகிய பட்டையாக வெளியே தெரியும். உதைப்பு முழுவதும் அந்தப் பட்டை வழியாகவே உள்ளங்கையில் இறங்குகிறது. நிறைந்த வாளியைக் கம்பிப் பிடியில் தூக்கினால் விரல் அறுபடுவது போல் இருக்கிறதல்லவா? அதே கதைதான்.

துப்பாக்கி 0.01 வினாடியில் கையில் நின்றுவிடுவதாக வைத்துக்கொள்வோம். சராசரி விசை 2.5 ÷ 0.01 = 250 நியூட்டன்; அதாவது சுமார் 25 கிலோகிராம் எடைக்குச் சமம். இது 6 சதுர சென்டிமீட்டர்ப் பரப்பில் இறங்கினால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 42 நியூட்டன்.

இனி, முதுகையும் மூடிய, சற்று அகலமான ரப்பர்க் கைப்பிடியைப் பொருத்துவோம். பரப்பு 15 சதுர சென்டிமீட்டராகிறது. ரப்பர் அமுங்கிக் கொடுப்பதால் நிற்கும் நேரமும் கால் பங்கு கூடுகிறது என்போம். கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதும் இதே தந்திரம்தான். சராசரி விசை 200 நியூட்டனாகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 13 நியூட்டன். முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு! இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவையே. கைக்குக் கை அவை மாறும். ஆனால் போக்கு மாறாது.

அப்படியானால் பஞ்சுபோல் மென்மையான கைப்பிடியே சிறந்தது என்று எண்ணலாமா? கூடாது. மிக மென்மையான பிடி ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாக அமுங்கும். துப்பாக்கி கையில் இடம் பெயரும். இரண்டாவது முறை குறிபார்க்கும்போது பிடியைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். அழுத்தமான ரப்பரோ, அளவு சரியாகப் பொருந்திய மரமோ இதனினும் மேல்.

மேல்நோக்கி எழும் குழல்

மேசைமேல் ஓர் அடிக்கோலை வைத்து அதன் நடுவில் விரலால் சுண்டுங்கள், நேராக நகரும். நுனியில் சுண்டுங்கள், சுழலும். விசையின் கோடு பொருண்மை மையத்திலிருந்து விலகினால் திருப்புத்திறன் தோன்றும் என்பதே காரணம்.

ரிவால்வரில் உதைப்பு குழலின் அச்சு வழியே பின்னோக்கி வருகிறது. கையோ குழலுக்குக் கீழே இருக்கிறது. ஆகவே துப்பாக்கி பின்னால் வருவதோடு, குழல் வாய் மேல்நோக்கி எழும்பியும் சுழல்கிறது. குட்டையான, இலேசான ரிவால்வருக்கு நிலைமத் திருப்புத்திறன் குறைவு. எனவே அது எளிதில் சுழன்றுவிடுகிறது.

குழலச்சுக்கும் கை தாங்கும் இடத்துக்கும் உள்ள செங்குத்துத் தூரம் 4 சென்டிமீட்டராக இருந்து, அதை 3 சென்டிமீட்டராகக் குறைத்தால் திருப்புத்திறன் கால் பங்கு குறைந்துவிடும். ஆகவேதான், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள வளைவு எவ்வளவு மேலே உட்கார முடியுமோ அவ்வளவு மேலே உட்கார வேண்டும். இதற்கு இடம் தராமல் கையைக் கீழே தள்ளும் கைப்பிடி, எவ்வளவு அழகாக இருந்தாலும் தவறானது. ஹாமர் எனப்படும் அடிக்கட்டை வெளியே தெரியாமல் மூடப்பட்ட ‘சென்டெனியல்’ வகை ரிவால்வர்களில் சட்டகத்தின் முதுகு இன்னும் மேலே உயர்ந்திருப்பதால், உயரப் பிடிப்பது அவற்றில் எளிது.

ஒரு சுவையான செய்தி. 1873இல் வந்த கோல்ட் ரிவால்வரின் கைப்பிடியைக் ‘கலப்பைப் பிடி’ என்று அமெரிக்கர் அழைக்கிறார்கள். நம் ஏரின் மேழிபோல வளைந்து வழுவழுப்பாக இருக்கும். சுடும்போது அது உள்ளங்கையில் வழுக்கி மேல்நோக்கி உருளும். உதைப்பில் ஒரு பகுதி அந்தச் சுழற்சியிலேயே செலவாகிவிடுகிறது. அந்த ரிவால்வரில் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் ஹாமரைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். கை உருண்டு வந்த இடத்தில் ஹாமர் கட்டைவிரலுக்கு எட்டும். தொடர்ந்து சுடும் இன்றைய வகைக்கு இது பொருந்தாது. அதனால்தான் இன்றைய சட்டகங்களின் முதுகில், கை மேலே வழுக்காமல் தடுக்க ஒரு திமில் இருக்கிறது.

டிரிக்கரும் விரலும்

டிரிக்கரைத் தமிழில் விசை என்றும் சொல்வதுண்டு. இயற்பியலின் விசையோடு குழம்பாமல் இருக்க இங்கே டிரிக்கர் என்றே சொல்கிறேன். பையில் வைக்கும் ரிவால்வரை வழக்கமாகச் சுடும் முறையில், டிரிக்கரை இழுக்கும் ஒரே இழுப்பில் உருளை சுழன்று, ஹாமர் வில்லை எதிர்த்துப் பின்னே போய், விடுபட்டு அடிக்க வேண்டும். இத்தனை வேலையையும் விரலே செய்கிறது. அதற்குத் தேவைப்படும் விசை சுமார் 12 பவுண்டு. ஏறத்தாழ 53 நியூட்டன்.

420 கிராம் துப்பாக்கியின் எடை எவ்வளவு? சுமார் 4 நியூட்டன். தன் எடையைப்போல் 12 மடங்குக்கு மேற்பட்ட விசையால் ஒரு பொருளை இழுத்துக்கொண்டே, அதை ஒரு மயிரிழையும் அசையாமல் வைத்திருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்! குறி தவறுவதற்குப் பெரும்பாலும் இந்த இடமே காரணம்.

இங்கே கைப்பிடியின் பின்பக்கத் தடிமன் முக்கியமாகிறது. உள்ளங்கையிலிருந்து டிரிக்கர் வரையுள்ள தூரத்தை ‘எட்டு தூரம்’ என்று சொல்லலாம். முதுகை மூடும் ரப்பர்க் கைப்பிடி இந்தத் தூரத்தைச் சில மில்லிமீட்டர்கள் கூட்டிவிடும். நீண்ட விரல்கள் உடையவருக்கு அது நல்லதே. முதுகு மூடப்படாவிட்டால் அவருடைய விரல் டிரிக்கரில் மடங்கி நெருக்கியடிக்கும். குட்டை விரல்கள் உடையவருக்கோ விரல் நுனி மட்டுமே எட்டும். விரல் நுனியால் இழுப்பவர் துப்பாக்கியைத் தம்மை அறியாமல் பக்கவாட்டில் தள்ளுகிறார். எட்டாததை எட்டுவதற்காகக் கையைத் திருகிப் பிடித்தால், குழல் முன்னங்கையின் நேர்க்கோட்டிலிருந்து விலகிவிடும். உதைப்பு கட்டைவிரலின் மூட்டில் இறங்கும்.

ஆகவே, வலிக்கு மருந்தான கைப்பிடியே குறிக்குப் பகையாகவும் கூடும். சிறிய கை உடையவருக்கு, முதுகு திறந்த மரக் கைப்பிடியும் மிதமான தோட்டாவுமே பெரும்பாலும் நல்ல இணை.

நடுவிரலின் துயரம்

பழைய மரப் பலகைகளில் இன்னொரு குறை. டிரிக்கரைச் சுற்றியுள்ள காப்பு வளையத்துக்குப் பின்னே ஓர் இடைவெளி இருக்கும். நடுவிரல் அதில் நுழைந்துகொள்ளும். துப்பாக்கி உதைக்கும்போது வளையத்தின் பின்புறம் விரல் கணுவில் மோதும். முதலில் சொன்ன கன்றிப்போன கணுவுக்கு இதுதான் காரணம்.

இந்த இடைவெளியை நிரப்ப ஒக்லஹோமா நகரத்தின் டைலர் நிறுவனம் ‘டி-கிரிப்’ என்ற சிறிய உலோகத் துண்டைச் செய்து பெயர் பெற்றது. மரப் பலகைகளை அப்படியே வைத்துக்கொண்டு, முன்பக்க இடைவெளியில் அதை மாட்டிவிடலாம். கைப்பிடி நீளவும் இல்லை, பின்பக்கம் தடிக்கவும் இல்லை. விரலுக்கு மட்டும் ஓர் இருக்கை கிடைத்துவிட்டது. எளிய தீர்வுகளில் உள்ள அழகு இது.

‘பூட் கிரிப்’ என்ற வகையில் இந்த நிரப்பு, கைப்பிடியின் உடலிலேயே அமைந்திருக்கும். காலணிக்குள்ளும் மறைக்கத்தக்க அளவு குட்டையானது என்பதால் இப்பெயர். அதில் இரண்டு விரல்களே பிடிக்கும். சுண்டுவிரல் அடியில் மடிந்துகொள்ளும். மூன்று விரல்களும் பிடிக்கும் நீண்ட கைப்பிடி நெம்புகோலின் கரத்தை நீட்டுவதால், எழும்பும் குழலை அடக்கக் கைக்குக் கூடுதல் திருப்புத்திறன் கிடைக்கிறது. சுண்டுவிரல் சிறியதுதான்; ஆனால் அது அடிக்கோடியில் பிடிப்பதால் அதன் விசைக்குப் பலன் அதிகம். கடப்பாரையை நுனியில் பிடித்து நெம்புவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பையின் கட்சி

இதுவரை கையின் கட்சியைப் பேசினோம். பைக்கும் ஒரு கட்சி உண்டு. மறைத்துச் சுமக்கும் ரிவால்வரில் குழலையும் உருளையையும் விட, வெளியே துருத்திக் காட்டிக்கொடுப்பது கைப்பிடியின் அடிமுனைதான். கையில் ஒரு விரல் அதிகமாகப் பிடித்தால், பையில் ஒரு விரல் அளவு அதிகமாகத் துருத்தும். கைக்கு வரவாவது பைக்குச் செலவு.

உராய்வும் அப்படியே. வழுக்காமல் கையைப் பற்றும் ரப்பர், கோட்டுத் துணியையும் அதே உறுதியோடு பற்றிக்கொள்ளும். சட்டை அதன்மேல் வழுக்கி விழாமல் சுருண்டு நிற்கும்; பையிலிருந்து எடுக்கும்போது துணியும் கூடவே வரும். வழுவழுப்பான மரம் துணியில் நழுவும். ஆனால் வியர்த்த கையிலும் நழுவும். மரத்தின் பக்கங்களில் மட்டும் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் செதுக்குவது இந்த இரண்டுக்கும் இடையில் செய்துகொண்ட சமரசம்.

மரங்களிலும் வகை உண்டு. வால்நட் மரம் ஈரத்தால் அதிகம் திரிவதில்லை, செதுக்குவதற்கும் இணங்கும். மத்திய அமெரிக்காவின் கொக்கபோலோ மரம் எண்ணெய்ப் பசையும் கனமும் உடையது. நம் மலைகளில் வளரும் ஈட்டி மரத்தின் பேரினத்தைச் சேர்ந்தது. இந்தப் பேரினம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. அழகுக்காகத் தந்தம் பதித்த காலமும் ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தளபதி பேட்டன் இடுப்பில் தொங்கிய ரிவால்வர்களுக்குத் தந்தப் பிடிதான். யானைக்கு இழைத்த தீங்கைத் தவிர அதனால் இயற்பியல் பயன் ஏதும் இல்லை.

குண்டைக் கெடுப்பது எது?

வாசகர்களுக்கு இங்கே ஓர் ஐயம் எழலாம். துப்பாக்கி இவ்வளவு உதைத்து எழும்பினால், குண்டு எப்படித்தான் குறியில் படுகிறது?

குண்டு குழலை விட்டு வெளியேற ஆகும் நேரம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் துப்பாக்கி பின்னோக்கி நகரும் தூரம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. கையில் நாம் உணரும் அடியின் பெரும்பகுதி, குண்டு போன பிறகு வருவதே. அந்தச் சிறு நகர்விலும் குழல் சற்றே மேலே எழுகிறது. அதை ஈடுசெய்யவே, குறிபார்க்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழ்நோக்கிக் குழலை அமைத்திருக்கிறார்கள்.

ஆகவே, உதைப்பு அந்தக் குண்டைக் கெடுப்பதில்லை. வரப்போகும் உதைப்பைப் பற்றிய அச்சமே கெடுக்கிறது. அச்சத்தால் கை முன்கூட்டியே இறுகிக் கீழே அமுக்குகிறது. டிரிக்கரை வெடுக்கென்று இழுக்கிறது. நல்ல கைப்பிடி உதைப்பை மாற்றுவதில்லை, அச்சத்தை மாற்றுகிறது. அச்சம் குறைந்த கையே அசையாத கை. வசதிக்காகச் செய்யும் மாற்றம் என்று கைப்பிடியை நாம் அலட்சியம் செய்ய முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

தேர்ந்தெடுக்கும் வரிசை

மேலே கண்டவற்றைத் தொகுத்தால் ஒரு வரிசை கிடைக்கிறது.

முதலாவது, பொருத்தம். ஜே சட்டகத்திலேயே அடிப்பகுதி வட்டமாக முடிவதும் உண்டு. சதுரமாக முடிவதும் உண்டு. ஒன்றின் பலகை மற்றதற்குப் பொருந்தாது. ரூகர் நிறுவனத்தின் எஸ்.பி. 101, எல்.சி.ஆர். போன்றவற்றில் கைப்பிடிச் சட்டமே இல்லை. ஒரு சிறு முளைதான் இருக்கும். சட்டத்தின் அளவு கட்டுப்படுத்தாததால், அதன்மேல் கைப்பிடியை விரும்பிய வடிவில் வார்க்கலாம். பொருத்தும்போது திருகை அளவுக்கு மீறி இறுக்கினால் மரம் பிளக்கும். தளர விட்டால் ஒவ்வொரு உதையிலும் ஆடி ஆடிப் பிளக்கும்.

இரண்டாவது, எட்டு தூரம். ரிவால்வரைத் திறந்து உருளை முழுவதும் காலி என்று இரண்டு முறை பார்த்த பிறகு, குழலைப் பாதுகாப்பான திசையில் காட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். குழல் முன்னங்கையின் நேரில் இருக்கும்போதே விரல் டிரிக்கரை நன்றாக எட்ட வேண்டும். குழலின்மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் டிரிக்கரை இழுக்க முடிகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை.

மூன்றாவது, உயரம். கை முதுகின் உச்சியில் உட்கார வேண்டும். நான்காவது, நடுவிரலுக்குப் பின் உள்ள இடைவெளி நிரம்பியிருக்க வேண்டும். ஐந்தாவது, இடப்பக்கப் பலகை உருளைக்கு அருகில் குழிவாகச் செதுக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் சுட்ட தோட்டாக் கூடுகள் வெளியே விழாமல் அதில் இடிக்கும். இவையெல்லாம் அமைந்த பிறகே பையையும் துணியையும் எண்ண வேண்டும். மறைவை முதலில் வைத்துத் தேர்ந்தெடுப்பவர், பெரும்பாலும் சுட முடியாத ஒன்றை நன்றாக மறைத்து வைத்திருப்பவராகவே முடிகிறார்.

கடைசியாக, சுடுதளத்தில் சோதனை. பிடி மாறினால் குழல் எழும்பும் அளவும் சிறிது மாறலாம். குண்டு படும் இடமும் சற்று மாறலாம். புதிய கைப்பிடியை மாட்டிய கையோடு, சுட்டுப் பார்க்காமல் பையில் வைத்துக்கொள்வது அறிவுடைமை அன்று. இத்தனைக்குப் பிறகும் கை வலித்தால், குறை கைப்பிடியில் இல்லை. அந்தத் துப்பாக்கியே அவருக்கு இலேசாகிவிட்டது என்று பொருள். சற்றுக் கனமானதை எடுப்பதே வழி. கணக்கு முதலிலேயே சொன்னது அதுதானே!

அடுத்த முறை கடையில் சுத்தியலோ மண்வெட்டிக் காம்போ வாங்கும்போது, இரும்பின் எடையை மட்டும் பார்க்காதீர்கள். பிடித்துப் பாருங்கள். எங்கே அழுத்துகிறது, எங்கே இடைவெளி விடுகிறது, ஓங்கும்போது எந்தப் பக்கம் திரும்பப் பார்க்கிறது என்று கையைக் கேளுங்கள். நியூட்டனின் விதிகளைக் கை நன்றாகவே அறியும். அது சொல்லும் விடையைக் கவனிக்க நாம்தான் பழக வேண்டும்.